பாசத்தால் வந்த வயித்துப்போக்கு

மாப்பிள்ளை, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காதீங்க. வயித்துப்போக்கு குட்டிக்குத்தானே, உங்களுக்கு இல்லையே? நடுராத்திரியில போன் அடிச்சு, "மாமா, கூப்பர் மறுபடியும் போயிட்டான்"னு நீங்க சொன்னப்போ, யாரோ உங்க கம்பெனி வெள்ளைக்காரன் போய்ச் சேர்ந்துட்டான்னு நெனச்சு நான் எழுந்து உக்காந்துட்டேன். அப்புறம்தான் எம்பொண்ணு பாப்பா போனை வாங்கி, சங்லூன் போற ரோட்டோரம் பெட்டியில கிடந்த குட்டி, நாய் காப்பாத்துற பிள்ளைங்ககிட்ட இருந்து தத்து எடுத்தோம்னு வெளக்கினா. ஆத்தா யாரு அப்பன் யாருன்னு தெரியாத குட்டிக்குப் பேரு மட்டும் லண்டன்ல இருந்து வந்து இறங்கியிருக்கு. இருக்கட்டும்.

வந்த அன்னிக்கு அதுக்கு என்ன போட்டீங்கன்னு நான் கேட்டதுக்கு நீங்க ஒப்பிச்சது இன்னும் என் காதுல இருக்கு. பாப்பா பசும்பால் ஊத்தியிருக்கா. உங்க அம்மா மைலோவுல பிஸ்கட்ட நனைச்சு ஊட்டியிருக்காங்க. உங்க சின்னவன் மாமாக் கடை ரொட்டி சானாயைப் பிச்சு, கறிக்குழம்புல முக்கிக் கொடுத்திருக்கான். நீங்க என்ன சும்மாவா, கடையிலேயே விலை கூடின டின் கறியைத் தெறந்து தட்டு நெறையக் கொட்டியிருக்கீங்க. ஒரே நாள்ல இவ்வளவையும் எனக்குக் கொடுத்திருந்தா நானும் உங்க சோபாவுலதான் போயிருப்பேன்.

தாய்ப்பால் வேற, மாட்டுப்பால் வேற மாப்பிள்ளை. பால்ல இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குட்டிக்கு வளர வளரக் குறைஞ்சிட்டே வரும். செரிக்காத பால் குடலுக்குள்ள தண்ணியை இழுத்துக்கிட்டு நேரா வாசலுக்கு வரும். மைலோவுல கொக்கோ இருக்கு, கொக்கோ நாய்க்கு ஆகாது. குழம்புல வெங்காயமும் பூண்டும் இருக்கு, அது ரெண்டும் நாயோட ரத்தத்தையே உடைக்கும். டின் கறி நல்லதுதான், ஆனா பழகாத சாப்பாட்டைத் திடீர்னு கொட்டினா எந்தக் குடலும் மெரண்டு போகும். போதாக்குறைக்குப் புது வீடு, புது வாடை, ஆளாளுக்குத் தூக்கி முத்தம் கொடுத்து படம் புடிக்கிறீங்க. பயத்துலேயே பாதி பேதி ஆகும். குட்டி ஒரு தப்பும் பண்ணல. உங்க பாசம்தான் அதைக் கழிய வச்சிருக்கு.

அதனால மொதல்ல நாய் காப்பாத்துற அந்தப் பிள்ளைங்களுக்குப் போன் போட்டு, அங்க என்ன தீனி போட்டாங்கன்னு கேளுங்க. அதையே போடுங்க. உங்க விலை கூடின தீனிக்கு மாத்தணும்னா ஒரு வாரம் எடுத்துக்குங்க: பழசுல கொஞ்சம் குறைச்சு, புதுசுல கொஞ்சம் கூட்டி. இப்போதைக்கு வயிறு அடங்கற வரைக்கும், தோல் எடுத்த கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணியில வேக வச்சுப் பிச்சு, கொழைய வடிச்ச சோத்துல பெசைஞ்சு கொடுங்க. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, எலும்பு கிடையவே கிடையாது. சப்புன்னு இருக்குமேன்னு உங்க அம்மா ரசம் ஊத்த வருவாங்க, கையப் புடிச்சுக்குங்க. ஒரே தடவையா வேணாம், நாள் முழுக்க நாலஞ்சு தடவையா பிரிச்சு, உள்ளங்கை அளவு. பட்டினி போட்டா வயிறு சரியாயிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அது வளர்ந்த நாய்க்குச் சொல்றது. பால்பல்லு குட்டியைப் பட்டினி போட்டா உடம்புல சர்க்கரை இறங்கித் துவண்டு விழும். சுத்தமான தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். உங்க வீட்டுல எல்லாரும் பாதி டாக்டர். நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் காலத்துல தலைவலிக்கும் வயித்துவலிக்கும் ஒரே புட்டியில இருந்துதான் ஊத்துவாங்க, அந்தப் பரம்பரை போகுமா? மனுஷன் பேதிக்குப் போடற மாத்திரையைக் குட்டிக்கு ஒடைச்சுக் கொடுக்காதீங்க. விஷம் வெளியே போற வழியை அடைச்சு வச்சா உள்ள என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். பனடால் நாயோட ஈரலைக் கெடுத்துடும். "வயித்துல தைலம் தேய்க்கலாமா மாமா"ன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் நான் போனை வச்சுட்டேன். தடவினதை அது நக்கித் தின்னும் மாப்பிள்ளை. அப்புறம் பேதியோட வாந்தியும் சேரும், ரெண்டுக்கும் காரணம் நீங்களா இருப்பீங்க.

பூச்சி மருந்து கொடுத்தாச்சான்னு கேட்டா பாப்பாவும் நீங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறீங்க. தெருவுல பொறந்த குட்டிக்குப் பூச்சி வெளியில இருந்து வர வேண்டியதில்ல. உருண்டைப்புழு ஆத்தா வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள எறங்கிடும், கொக்கிப்புழு பால் வழியா வரும். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடிக்கும், அதான் சில குட்டிங்களுக்கு ஈறு வெளுத்துக் கெடக்கறது. உருண்டைப்புழு மலத்துல வந்தா வேக வச்ச சேமியா மாதிரி கெடக்கும், கண்ணாலேயே பாக்கலாம். பாத்ததும் பாப்பா கத்துவா, நீங்க கத்தாதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, எடைக்குத் தக்க அளவு, டாக்டர் சொல்லித்தான். அந்த மலத்தை அன்னன்னிக்கே அள்ளிடுங்க. அதுல இருக்கிற முட்டை உடனே ஒட்டாது, மண்ணுல கெடந்து முத்தினப்புறம்தான் சின்னவன் கை வழியா வாய்க்குப் போகும். அள்ளாம விட்டா பூச்சி மருந்து வீட்டுல எல்லாருக்கும் வாங்கணும்.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். இனிமே சொல்றதுக்குச் சிரிக்காதீங்க.

பேதியில ரத்தம் வருதா, பொணநாத்தம் அடிக்குதா, வாந்தி நிக்கலையா, கூப்பிட்டா தலையைத் தூக்காமக் கெடக்குதா, அப்போ சோறும் கோழியும் ஒண்ணும் பண்ணாது. அது பார்வோங்கிற கிருமியா இருக்கலாம். நான் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுன காலத்துல இந்தப் பேரே கிடையாது. 1978-லதான் உலகத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள ஊர் உலகமெல்லாம் பரவிடுச்சு. நேத்து துள்ளின குட்டி நாளைக்கு இருக்காது, அவ்வளவு வேகம். கிருமியைக் கொல்றதுக்குன்னு தனி மருந்து கைவசம் இல்ல, டிரிப் ஏத்தி, வாந்தியை நிப்பாட்டி, உசுரைப் புடிச்சு வைக்கணும். வைத்தியம் பாக்காம விட்ட குட்டியில பெரும்பாலானது செத்துடும், வேளையோட கொண்டு போனதுல பெரும்பாலானது பொழைச்சுக்கும்.

வீட்டுலயே ரெண்டு சோதனை பண்ணலாம். ஒதட்டைத் தூக்கி ஈறுல விரலை அழுத்தி எடுங்க. வெளுத்த எடம் ரெண்டு நொடிக்குள்ள செவக்கணும். பிடரித்தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்க. உடனே படியணும். கூடாரம் கட்டின மேனிக்கு நின்னா உடம்புல தண்ணி வத்திடுச்சு, யோசிக்காம வண்டியை எடுங்க.

பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும். வெறும் சோப்பு போட்டுக் கழுவினா அது போகாது. அழுக்கை மொதல்ல தேய்ச்சுக் கழுவி, குளோராக்ஸ் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணி முப்பது பங்கு கலந்து ஊத்தி, பத்து நிமிஷம் ஊற விடணும். உங்க வீட்டுல முந்தி குடியிருந்தவங்களோட குட்டி ஒண்ணு செத்துச்சுன்னு பேச்சு இருக்கே, அதான் சொல்றேன்.

பார்வோவுக்கு ஊசி இருக்கு. ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா பதினாறு வாரம் வரைக்கும் போடணும். ஒண்ணு போட்டதும் பசார் மாலாம் பாக்க இடுப்புல தூக்கிட்டுக் கெளம்பிடாதீங்க, முழுசா முடியட்டும். வெறிநாய் ஊசி மூணு மாசத்துல. இதை மட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க. நம்ம ஜித்ராவுல இருந்து சயாம் எல்லை கூப்பிடு தூரம். 1950-கள்ல இருந்தே எல்லையோரமா 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு நாய்ங்களுக்குக் கட்டாய ஊசின்னு ஒரு வளையம் போட்டு வச்சிருந்தாங்க, நம்ம ஊரும் அதுக்குள்ளதான். வெறிநோய் இல்லாத நாடுன்னு 2012-ல மலேசியாவுக்குப் பேரு கெடச்சுது. 2015-ல பெர்லிஸ், கெடா, பினாங்கு மூணுலயும் வெறிநோய் திரும்பி வந்து அந்தப் பேரு போச்சு. பினாங்குல தெருநாயையெல்லாம் கொல்லச் சொல்லி உத்தரவே போட்டாங்க. ஊசிக்குச் செலவழிக்க யோசிச்ச ஜனங்களுக்கு நடுவுல, ஒரு பாவமும் அறியாத நாய்ங்கதான் செத்துது. நாய் கடிச்சா மொளகாய்ப்பொடி வைக்கலாம்னு உங்க அம்மா சொல்லுவாங்க. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் வைத்தியம்.

அடுத்து, குட்டியோட ராத்திரி அழுகைக்கு வாங்க. அடுப்படியில பலகையை வச்சு மறிச்சு, அதுக்குள்ள குட்டியை விட்டீங்களாமே. 1941 டிசம்பர்ல இதே ஜித்ராவுல பிரிட்டிஷ்காரன் மறிச்சுக் கட்டின அரணே ஜப்பான்காரன்கிட்ட ரெண்டு நாள்ல போச்சு, உங்க பலகை எம்மாத்திரம்? கூடப்பொறந்த குட்டிங்களோட ஒட்டிப் படுத்த உசுரு அது. ஒரு அட்டைப்பெட்டியில உங்க பழைய சட்டையைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்துல வைங்க. கையைத் தொங்கப் போட்டுக்கிட்டே தூங்குங்க, பாப்பா பக்கம் போற கை கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். தூங்கி எழுந்ததும், தின்னு முடிச்சதும் வெளியே தூக்கிட்டுப் போங்க. உள்ள போயிட்டா மூக்கைப் பிடிச்சு அதுல தேய்க்கறது, ரோத்தான் பிரம்பால தட்டறது ஒண்ணும் வேணாம். அதுக்கு வெளங்கறது ஒண்ணுதான்: இந்த ஆளைக் கண்டா பயப்படணும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சு போகும். மிருகத்தைக் கொடுமைப்படுத்தினா 20,000 வெள்ளியில இருந்து 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு 2015-ம் வருஷத்து விலங்கு நலச் சட்டம் சொல்லுது. உங்க சம்பளம் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார பாக்சிக்கையும் மனசுல வச்சுக்குங்க. ரம்புத்தான் காய்ச்சா மொதல் பை நம்ம வீட்டுக்கு அனுப்பற மனுஷன். குட்டி ஓடிப்போய் அவர் காலை நக்கினா அதுக்கு விளையாட்டு. நாய் எச்சில் பட்டா அவரு மார்க்கப்படி அவருக்கு ஏழு தடவை கழுவற வேலை, அதுல ஒரு தடவை மண்ணு கலந்த தண்ணியில. கேட்டுக்கு அடியில கம்பிவலை அடிங்க, நகராண்மைக் கழகத்துல உரிமத்தையும் எடுத்துடுங்க. அவரைப் பாத்து ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வைங்க. அவரு கோவிச்சுக்க மாட்டாரு. குட்டிக்குப் பேரு என்னன்னு கேப்பாரு, அப்போ நீங்க நெளியறதைப் பாக்கணும்னு எனக்கு ஆசை.

சரி, இன்னிக்கு வியாழன். நாளைக்கும் நாளன்னிக்கும் நம்ம கெடாவுல வார லீவு, கால்நடை இலாகா பூட்டியிருக்கும், அது குட்டி வயித்துக்குத் தெரியாது. கால்நடை இலாகாவோ தனியார் கிளினிக்கோ, பொழுது சாயறதுக்குள்ள கெளம்புங்க. கொஞ்சம் மலத்தையும் டப்பாவுல எடுத்துக்குங்க, டாக்டர் கேப்பாரு. பாப்பாவோட டிபன் டப்பாவை மட்டும் தொடாதீங்க.