நோலன் துரையின் பேரப்பிள்ளைகள்

குவாதலூப்பில் முத்துசாமி ஒரு குடும்பப்பெயர். 1854இலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் போய் இறங்கிய தமிழர்களை வரிசையில் நிறுத்திக் கிளாக்கர் பெயர் கேட்டார். காதில் விழுந்ததை எழுதினார். அதுவே பரம்பரைக்கும் நிலைத்தது. கயானாவிலும் அப்படித்தான்: 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. இந்த இடங்களில் பூர்வீகம் தேடுபவர் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டே கப்பல் இடாப்பு வரை போகலாம்.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் வாலைப் பிடித்தால் வால் மட்டும் கையோடு வரும். சின்னத்தம்பியின் மகன் கந்தையா. கந்தையாவின் மகனுக்குப் பாட்டன் பெயரான சின்னத்தம்பி. அவன் மகன் மறுபடி கந்தையா. நூறு வருஷத்துக்கு இரண்டே பெயர். சிக்கனத்தில் நம்மை யாரும் வெல்ல முடியாது.

பெயர்களை மாற்ற வெள்ளைக்காரர் முயலாமல் இல்லை. பறங்கியர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, இந்தத் தீவுக்கு மாடுகளின் பெயரை வைத்தார்கள். மனிதர் கண்ணில் படவில்லை போலும். 1658இல் வந்த ஒல்லாந்தருக்கு ஊர் ஏக்கம். வேலணை லெய்டன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றத் தீவுகள் அதையெல்லாம் உதறிவிட்டன. நெடுந்தீவை மட்டும் டெல்ஃப்ட் விடவில்லை. சனத்துக்கும் பெயர் மாற்றப் பார்த்தார்கள்: ஞானஸ்நானம் இல்லாவிட்டால் கல்யாணப் பதிவும் இல்லை, உத்தியோகமும் இல்லை. சனமும் தேவாலயத்துக்குப் போய்ப் பெயர் வாங்கித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையாருக்கு விளக்கு வைத்தது.

பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் துரை வந்தார். இங்கிலீசுக்காரர் அவரைத் தீவுக்குப் பொறுப்பாக விட்டார்கள். குதிரை வளர்ப்பையும் பார்த்துக்கொண்டார். துரை குதிரையோடு மட்டும் நிற்கவில்லை என்பது ஊர்க்கதை. இன்றைக்கும் யாராவது பூனைக்கண்ணோடும் செம்பட்டைத் தலையோடும் பிறந்தால், மூலையில் இருக்கும் ஆச்சி ஒருத்தி "நோலன்ர வழி" என்று முணுமுணுப்பாள். அத்தாட்சி கேட்டால் வெற்றிலைச் சாறுதான் பதில். கதை உண்மையோ பொய்யோ, நோலன் என்ற பெயரை இங்கே யாரும் வைத்துக்கொள்ளவில்லை. குதிரைகளுக்கும் வைக்கவில்லை, மட்டக்குதிரைகள் இன்னும் வெளியில் பெயரில்லாமல்தான் மேய்கின்றன.

உண்மையான குழப்பம் துரையால் வந்ததல்ல, காணியால் வந்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமைச் சட்டத்தின்படி தாயின் சீதனக் காணி மகளுக்குப் போகும். இனிஷல் தகப்பன் வழி, காணி தாய் வழி. தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கத்து வளவுக்குள் போய் நிற்பீர்கள். அங்கே நாய் கட்டியிருக்காது.

இப்போது குவாதலூப் கிளாக்கரின் வேலையை ரொறன்ரோவும் பாரிசும் பார்க்கின்றன. விண்ணப்பத்தில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அப்பாவின் பெயரை அதில் போட்டோம். ஆகவே அப்பு கந்தையா செத்தபிறகு ஒரு வம்சத்துக்கே தலைவராகிவிட்டார். வீட்டில் எந்த மகனும் அவர் சொல் கேட்டதில்லை. இப்போது கனடாவில் மருமகளும் கந்தையா, பேத்தியும் கந்தையா.

பூர்வீகம் தேடுகிறீர்களா? கடவுச்சீட்டை மூடி வையுங்கள். அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் காணி உறுதி இருக்கும். கறையான் தின்ன முதல் அதைப் போய் எடுங்கள்.