நடுவர் பெருமக்களுக்குத் தருமபுரியிலிருந்து ஓர் அழைப்பு

குத்துச்சண்டைக்கு மதிப்பெண் போடும் மகா கனம் பொருந்திய நடுவர்களே,

வரும் தை மாதம் எங்கள் பக்கம் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் எருது விடும் திருவிழா களைகட்டும். குறித்த தூரத்தை எந்த மாடு குறைந்த விநாடியில் கடக்கிறதோ, பரிசு அதற்குத்தான். கடிகாரம் காட்டுவதை மைக்கில் சொல்வார்கள், ஊரே கேட்கும். தகராறு வராது என்று சொல்லவில்லை, வரும். ஆனால் பிந்தி வந்த மாட்டுக்கு மாலை போட்டுவிட்டு, "தீர்ப்பைத் தட்டிக் கேட்க விதியில் இடமில்லை" என்று ஒருவர் மைக்கைப் பிடித்தால், அவர் கட்டிய வேட்டியோடு பஸ் ஏறுவது சந்தேகம். பின்தங்கிய மாவட்டம் அல்லவா, எங்களுக்கு உங்கள் அளவு நாகரிகம் போதாது.

உங்கள் கணக்கு உயர்தரமானது. சுற்றில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். ஆனாலும் 2017 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் கோலோவ்கினும் கனேலோவும் மோதியபோது, அடலெய்டு பேர்ட் என்ற நடுவர் கனேலோவுக்கு 118-110 போட்டார். 12 சுற்றில் 10 சுற்று கனேலோவுக்காம்! பக்கத்து நடுவர் அதே சண்டையைப் பார்த்துவிட்டு, கோலோவ்கின்தான் ஜெயித்தார் என்று எழுதினார். மூன்றாமவர் சரிசமம் என்றார். ஒரே ரிங், ஒரே இரவு, மூன்று சண்டை. டிக்கெட் விலைக்கு இது லாபம்தான்.

2012 சண்டையில் பக்கியாவைப் பிராட்லி வென்றதாக இரண்டு நடுவர்கள் சொன்னார்கள். ஊர் சிரித்தது. பட்டம் கொடுத்த உலகக் குத்துச்சண்டை அமைப்பே ஐந்து நடுவர்களை உட்காரவைத்து வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தது. ஐந்து பேரும் பக்கியாவ் பக்கம். பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. தவறு என்று நிரூபிக்கலாம், திருத்தத்தான் கூடாது.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் போட்ட குத்துகளில் பட்டவை 86. கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தங்கம் 32-க்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த வீரருக்கான கோப்பையை ஜோன்ஸிடமே கொடுத்தார்கள், தோற்றவர் மனம் நோகக்கூடாதே! 2023இல் பார்க் அமெரிக்காவுக்குப் போய், தன் தங்கத்தை ஜோன்ஸ் கையில் கொடுத்துவிட்டு வந்தார். 35 வருஷம் உறுத்தியது குத்து வாங்கியவருக்கு.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் சரிதா தேவி நம் வீட்டுப் பெண். மணிப்பூர்க்காரர், குழந்தை பெற்ற பிறகு மறுபடி ரிங்குக்கு வந்தவர். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டி, 60 கிலோ அரையிறுதி. எதிராளி பார்க் ஜினா, போட்டி நடத்திய நாட்டின் வீராங்கனை. தள்ளாடியது யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தீர்ப்பு 3-0, பார்க்குக்கு.

புகார் கொடுக்க வேண்டுமா, 500 டாலர் கட்டு என்றார்கள். அணியோடு விமானமேறிப் போன அதிகாரிகள் பையில் 500 டாலர் இல்லை போலும். கணவரும் சொந்தப் பயிற்சியாளரும் கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். கட்டிய பிறகு பதில் வந்தது: நடுவர் போட்ட மதிப்பெண்ணை எதிர்த்துப் புகார் செல்லாது. செல்லாத புகாருக்கு எதற்கய்யா கட்டணம்? எங்கள் ஊர் மொய் நோட்டில்கூட வாங்கிய பணத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

மேடையில் வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மறுத்தார் சரிதா. அழுதுகொண்டே அதைப் பார்க்கிடமே கொடுத்தார். உடனே உலகச் சங்கமான ஐபாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட காட்சி போல இருந்ததாம், மேற்பார்வையாளர் சொன்னார். ஆமாம், திட்டமிட்ட காட்சிதான். ஆனால் அது ரிங்குக்குள் நடந்தது, மேடையில் அல்ல. நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்கவைத்து, ஓராண்டுத் தடையும் 1,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் போட்டார்கள். குத்து அவருக்கு, தோல்வி அவருக்கு, மன்னிப்பும் அவரே கேட்க வேண்டும், கடைசியில் பில்லும் அவர் பெயருக்கு.

தட்டிக் கேட்டவரைத் தண்டித்த அந்த ஐபா, பிற்பாடு பெயரைச் சுருக்கி ஐபிஏ ஆனது. 2023 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் குழு அதன் அங்கீகாரத்தைப் பிடுங்கியது. பண விவகாரம், நிர்வாகம், இவற்றோடு நடுவர் தீர்ப்புகளின் நேர்மையும் காரணம். சரிதாவிடம் புகாரே செல்லாது என்ற சங்கம், தன் தலையில் தீர்ப்பு விழுந்ததும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்கு அப்பீலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அப்பீலை எடுத்துக்கொண்டார்கள், விசாரித்தார்கள், 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தார்கள். அதற்காக ஐபிஏவுக்கு யாரும் ஓராண்டுத் தடை போடவில்லை.