வருஷமா, காதா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டால், என் தோழி ‘லெட்ஸ் ப்ளே இட் பை இயர்’ என்கிறாள். வருஷக் கணக்கில் இழுத்தடிக்கப் பார்க்கிறாளா?

பதில்: பாவம், அவளைச் சந்தேகிக்காதீர்கள்! அவள் சொன்ன இயர் வருஷம் அல்ல, காது.

இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பது மேற்கத்திய சங்கீதத்தின் வழக்கம். தாளே இல்லாமல், காதில் விழுந்ததை விரலுக்குக் கொண்டுவருகிறவர் ‘பை இயர்’ வாசிக்கிறார் என்பார்கள். இசையில் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்த சொல் இது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அதை அன்றாடப் பேச்சுக்கு இழுத்து வந்தார்கள். இப்போது அதற்குப் பொருள், ‘முன்கூட்டித் திட்டம் வேண்டாம், அப்போதைய நிலவரம் பார்த்து முடிவு செய்வோம்’ என்பதுதான்.

நம் சங்கீதத்தில் அந்தக் காதுக்கு இன்னும் அழகான பெயர் உண்டு: கேள்வி ஞானம். முறையாகப் பாடம் படிக்காமல், கேட்டுக் கேட்டே பெற்ற ஞானம். வள்ளுவர் 42ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர் வைத்ததும் காதை நினைத்துத்தான். ஆங்கிலத்துக்குக் கிடைக்காத பாக்கியம் நமக்கு: கேட்பதும் கேள்வி, கேட்டு அறிவதும் கேள்வி!

‘ப்ளே இட் பை இயர்’ என்று தோழிகளுக்குள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கல்யாண வீட்டில் சமையல்காரர் “எத்தனை இலை?” என்று கேட்கும்போது மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு எண்ணிக்கை வேண்டும்.

ஞாயிறு காலை மழையா, வெயிலா என்று பார்த்துவிட்டுத் தோழிக்குப் போன் செய்யுங்கள்.