கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் கேட்கும் தாலாட்டு

கே: பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பாட்டு ஒரு கேடா?
– வாசகர், வேடசந்தூர்

ப: கேடு இல்லை, துணை. நரம்பில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் போடும் நேரத்தைப் பாருங்கள். பிள்ளை அலறிக் கையை முறுக்கினால் நரம்பு சிக்காது. மறுபடி குத்த வேண்டிவரும். கனடாவின் எட்மன்டனில் அவசர சிகிச்சைக்கு வந்த, 3 முதல் 11 வயதுள்ள 42 பிள்ளைகளிடம், அந்த நேரத்தில் பாட்டு உதவுமா என்று சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். ஊசிக்குப் பின், பாட்டுக் கேட்டவர்களுக்கு வலி கூடவில்லை, கேட்காதவர்களுக்குக் கூடியது. ஊசி போட்டவர்களுக்கும் வேலை சுலபமாயிற்று.

கே: பேத்தி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்ய?
– ஒரு பாட்டி, நிலக்கோட்டை

ப: மகளைப் பாடச் சொல்லுங்கள், அம்மா. நியூயார்க்கைச் சேர்ந்த ஜோஆன் லோவி குழுவினர் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக்கி, குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப நிதானமாகப் பாடினார்கள். இதயத்துடிப்பு சீரானது, பால் குடிப்பது மேம்பட்டது, பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. நர்ஸிடம் கேட்டுவிட்டு, முணுமுணுப்பாக, ஒரே பாட்டை மெதுவாகப் பாடட்டும். குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் அறையில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. குழந்தை முகத்தைச் சுளித்தாலோ விரல்களை விறைத்து விரித்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். டாக்டர் அனுமதித்தால், மார்போடு அணைத்துக்கொண்டு பாடுவது இன்னும் நல்லது.

கே: எனக்குச் சுருதியே சேராதே?
– ஒரு தாய், சின்னாளப்பட்டி

ப: வயிற்றில் இருந்தபோதே உங்கள் குரலைக் கேட்ட ரசிகருக்கு அது போதும். பாடுங்கள்.

கே: செல்போனில் பாட்டுப் போட்டால் ஆகாதா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: ஊசி நேரத்துக்கு ஆகும். தூங்க வைக்க ஆகாது. கண் செருகும்போது குரலைத் தாழ்த்த அம்மாவுக்குத் தெரியும், செல்போனுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலிலும் ஒரு பிள்ளை தூங்குகிறது.

கே: எந்த ராகம் காய்ச்சலைத் தீர்க்கும்?
– வாசகர், வத்தலக்குண்டு

ப: எதுவும் தீர்க்காது. காய்ச்சலுக்கு மருந்து, பயத்துக்குத்தான் பாட்டு. மருந்தை நிறுத்தச் சொல்லும் ராக வைத்தியரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

கே: நம்மூர் ஆஸ்பத்திரியில் பாட்டெல்லாம் நடக்குமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: புதுச்சேரியில் நடந்திருக்கிறதே! அங்குள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் 2010-இல் இசை சிகிச்சைக்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். திண்டுக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் தாலாட்டுத் தெரிந்த பாட்டிகளுக்கும் பஞ்சமில்லை. குழந்தைகள் வார்டுக்குப் பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் ஒருவரை நியமியுங்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை மனு கொடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.