வேலி காய்ஞ்ச மாப்ளைக்கு

போன்ல உன் மூஞ்சிய விட வேலியத்தான் நல்லா காட்டற. கென்யாவுல, நைவாஷா ரோஜாத் தோட்டத்துக்கு சூப்பர்வைசர். வீட்டைச் சுத்தி சைப்ரஸ் வேலி செம்பட்டையா காய்ஞ்சு நிக்குது. பக்கத்துல புது மருந்து டேங்க் பளபளங்குது. அடி மாப்ள, நல்லா அடி. வாங்கின காசு வீணாகலாமா?

அடிக்கறதுக்கு முன்னால யார அடிக்கறோம்னு பாத்துக்க. அசுவினி. நம்ம அவரைக் கொடியில மொய்க்குமே, அந்த சாதிதான். ஆனா இது கிளை நிறத்துலயே ஒட்டிக்கிட்டிருக்கும், உன் கண்ணாடிக்குச் சிக்காது. எறும்பு சாரை சாரையா ஏறுதா? இலை பிசுபிசுன்னு ஒட்டுதா? மேல கரி பூசின மாதிரி இருக்கா? அப்ப ஆளு உள்ளதான். சாறை உறிஞ்சிட்டுப் போனா பரவால்ல, எச்சில்லயே விஷம். அதான் கிளை கிளையா கருகுது. அத்தனையும் பொம்பளைங்க வேற. ஆம்பளை இல்லாமயே குட்டி போடும். இத உங்க அத்தை முன்னாடியே கேள்விப்பட்டிருந்தா நான் இன்னும் பிரம்மச்சாரி.

மரமும் அந்த ஊருது இல்ல, பூச்சியும் இல்ல. மரம் மெக்சிகோவுலருந்து போனது. பூச்சி 1986ல மலாவியில தலை காட்டுச்சு, 1990ல கென்யாவுக்கு வந்துருச்சு. மலை மலையா ஒரே மரத்த நட்டு, பந்திக்கு இலை போட்டு வெச்சிருந்தாங்க, உக்காந்துடுச்சு. முலாஞ்சே மலையில மலாவிக்காரங்களோட தேசிய மரம் இருக்கே, அந்த சீடர் மரத்தையும் விடல. இதுல கூத்து என்னன்னா, பத்து வருசத்துக்கு மேல வேறொரு அசுவினி பேர்லதான் இது மேல கேஸு. 1999லதான் ‘இது வேற இனம்’னு கண்டுபிடிச்சு, சினாரா குப்ரெஸ்ஸிவோரான்னு பேர் வெச்சாங்க. நம்ம ரேஷன் கார்டுல பேர் திருத்தறதே தேவலை.

மலையளவு காட்டுக்கு எத்தனை டேங்க் மருந்து அடிப்ப? அதான் ஐரோப்பாவுலருந்து ஒரு குளவியக் கொண்டுவந்தாங்க, பௌஷியா ஜூனிபெரோரம். 1994ல மலாவியில விட்டாங்க, அப்புறம் கென்யாவுலயும். குளவின்னதும் ஓடாத, கொசு அளவுதான், நம்மளக் கொட்டாது. அசுவினி உடம்புக்குள்ள முட்டைய வெச்சிட்டுப் போயிடும். புழு உள்ளிருந்தே தின்னும். அசுவினி உப்பி, விறைச்சு, வெறும் கூடாயிடும். முதுகுல வட்டமா ஓட்டை போட்டுக்கிட்டு புதுக் குளவி வெளிய வரும். பூச்சிய அடியோட ஒழிக்காது, அடக்கி வெக்கும். நீ மருந்து அடிச்சா மொதல்ல சாகறது இந்தக் குளவிதான். அசுவினிக்கு இதவிடப் பெரிய உபகாரம் யார் செய்வா?

மாமன் பெருசா பேசறானேன்னு பாக்கறியா? நம்ம குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சி வந்தப்ப நானும் அடிச்சவன்தான். கடைக்காரன் சொன்ன மூணு மருந்தும் அடிச்சேன். கடைக்காரன் மாடி கட்டினான், செடி கொண்டை சுருங்கிப் போச்சு. அந்தப் பூச்சி தென் அமெரிக்காவுலருந்து ஆப்பிரிக்கா போயி ஆட்டம் போட்டதாம். அங்க அத அடக்கின அனகைரஸ் குளவியத்தான் பெனின் நாட்டுலருந்து வரவழைச்சு, 2022ல நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. நீ இங்கிருந்து ஆப்பிரிக்கா போன, அது அங்கிருந்து இங்க வந்துச்சு. ரெண்டு பேர்ல ஊருக்கு உபயோகமா இருந்தது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

காய்ஞ்ச கட்டைய வெட்டி எடு; சைப்ரஸ் அதுல திரும்பத் துளிர்க்காது, முருங்கைன்னு நெனச்சியா? அந்த எடத்துல நாலு வகைச் செடியா கலந்து வை. அப்புறம் லென்ஸ் ஒண்ணு வாங்கி, முதுகுல ஓட்டை விழுந்த அசுவினி எத்தனைன்னு எண்ணி ஞாயித்துக்கெழம சொல்லு. டேங்க பத்தி கவலைப்படாத. ஊருக்கு வர்றப்ப எடுத்துட்டு வா, உங்க அத்தை வாசலுக்குத் தண்ணி தெளிக்கட்டும்.