மஞ்சப்பைக்குள் என்ன?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில் அமிர்தி. 1967-இல் தொடங்கிய சிறு உயிரியல் பூங்கா. புள்ளிமான், மயில், முதலை, பக்கத்திலேயே காடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும் அளவு இயற்கை உண்டு. மழை மனசு வைத்தால் அருவியும் உண்டு.

இயற்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் குடும்பங்கள் வருகின்றன. கையில் கல்யாண வீட்டுத் தாம்பூல மஞ்சப்பை. அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்றது, நம்மவர்கள் மீறவில்லை. உள்ளே பார்த்தால் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், 2019 ஜனவரியிலேயே தடையான பிளாஸ்டிக் கப் ஒரு கட்டு. பைதான் துணி.

சிப்ஸ் தீர்ந்ததும் கவர் காற்றோடு போகும். ஒட்டியிருக்கும் உப்புக்காக மான் அதைக் கவரோடு விழுங்கும். அசைபோடும் பிராணிக்கு அது செரிக்காது, வெளியேறாது, வயிற்றிலேயே தங்கிவிடும். சென்னை ஐஐடி வளாகத்தில் செத்த மான்களை அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் கிடைத்திருக்கிறது. அங்கே படித்தவர்கள் அதிகம்.

"அப்பா, மானுக்கு ஒண்ணு போடட்டுமா?"

"இருடா, போட்டோ எடுத்துக்கறேன். அப்புறம் போடு."