டோனி செத்தானா?

'தி சொப்ரானோஸ்' மாஃபியா டிவி தொடரின் கடைசி எபிசோடை மறுபடி பார்த்தேன். நாயகன் டோனி செத்தானா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்!

ஒரே வார்த்தையில் முடிகிற கதைக்குத் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் 86 எபிசோடுகள் எடுப்பாரா? கடைசிக் காட்சியில் மணியைக் கவனியுங்கள். டோனி உட்கார்ந்திருக்கும் ஐஸ்கிரீம் கடைக் கதவின் மணி அடிக்கும், டோனி நிமிர்வான், அவன் பார்ப்பதை நாமும் பார்ப்போம். கடைசி மணிக்கும் நிமிர்கிறான். நமக்குத் தெரிவது இருட்டு. என் ஓட்டு மரணத்துக்கே.

2007 ஜூன் 10 அன்று திரை கறுத்ததும், கேபிள் போய்விட்டது என்று பலர் பதறினார்களாமே?

உண்மைதான். வசனமோ இசையோ முகமோ இல்லாத சுமார் பத்து விநாடியைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறோம். அதைவிடத் துணிச்சலான காட்சி எது?

அதே காட்சியில், கடைக்குள் வந்த ஜாக்கெட் போட்ட ஒருவன் பாத்ரூமுக்குப் போனான். அதில் என்ன இருக்கிறது?

'காட்ஃபாதர்' படத்தில் மைக்கேல் துப்பாக்கி எடுத்தது எங்கிருந்து? ஓட்டல் பாத்ரூமிலிருந்துதானே! அந்த ஓட்டல் கொலைதான் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த காட்சி என்று, ஆறாவது சீசனில் டோனியின் மகன் ஏ.ஜே.யே சொல்கிறான்.

இத்தனை வருஷம் கழித்தும் விவாதிக்க என்ன மிச்சம்?

ஆர்வம் இன்னும் தீரவில்லையே! கடைசிக் காட்சியில் டோனியின் குடும்பம் உட்கார்ந்த நியூஜெர்சி ஐஸ்கிரீம் கடை இருக்கை, 2024இல் 82 ஆயிரம் டாலருக்கு மேல் ஏலம் போனது!

எந்த நொடியும் கதவு திறக்கலாம் என்ற பயத்தோடுதான் டோனி வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டான். அந்தப் பயத்தை நமக்கும் பரிமாறியதே முடிவு; செத்தானா என்பது அதற்கு அடுத்த கேள்வி.